கூகுள்ல நம்ம கடை எத்தனையாவது இடம்? சிங்கப்பூர் கடைக்காரங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

தேக்கா பக்கம் கடை வெச்சிருக்கிறவங்க, வீவக வீட்டுல இருந்தே கேட்டரிங், பிளவுஸ் தையல், தமிழ் டியூஷன்னு நடத்துறவங்க, சொந்தமா ஒரு வெப்சைட் போட்டுட்டு தினமும் தன் கடை பேரை கூகுள்ல தேடிப் பார்த்துட்டு இருக்கிறவங்க, இவங்களுக்காக எழுதினது இது. ஒரே கேள்விங்க திரும்பத் திரும்ப வருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், "என் இடம் எத்தனை"ங்கிற கேள்விக்கு ஒத்தை நம்பர்ல பதில் கிடையாது. இது மனசுல பதிஞ்சிட்டா மீதியெல்லாம் சுலபமா புரியும்.

என் போன்ல தேடினா என் கடைதான் முதல்ல வருது. ஜூரோங் வெஸ்ட்ல இருக்கிற தங்கச்சி தேடினா வரவே மாட்டேங்குது. எது உண்மை?

ரெண்டுமே உண்மைதான். "பூமாலை கடை", "சைவ கேட்டரிங்" மாதிரி பக்கத்துல வாங்கற விஷயத்தைத் தேடும்போது மேல ஒரு மேப்பும் அதோட பெரும்பாலும் 3 கடையும் காட்டும். அந்த மூணு கடையை எப்படி எடுக்குதுன்னு கூகுளே வெளிப்படையா சொல்லியிருக்கு: தேடினதுக்கு எவ்வளவு பொருத்தம், தேடறவங்க இருக்கிற இடத்துல இருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு தெரிஞ்ச கடை. இதுல தூரம் ஆளுக்கு ஆள் மாறும்ல, நீங்க கேம்பல் லேன்ல கடைக்குள்ளயே நின்னுக்கிட்டு தேடறீங்க, உங்க கடை மேல வராம வேற எது வரும்? தங்கச்சி இருக்கிறது தீவோட இன்னொரு பக்கம், அவங்களுக்கு அங்க பக்கத்துல இருக்கிற கடைங்க முன்னாடி வந்துடுது. சிங்கப்பூர் சின்ன ஊர்தானே, எல்லாருக்கும் ஒண்ணாத்தானே வரணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ரெண்டு மூணு எம்ஆர்டி ஸ்டேஷன் தள்ளிப் போனாலே அந்த மூணு கடை மாறலாம்.

தூரத்தை நம்மால மாத்த முடியாது, மத்த ரெண்டையும் கொஞ்சம் கவனிக்கலாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல்னு ஒண்ணு இருக்கு, 2021 நவம்பர் வரைக்கும் கூகுள் மை பிசினஸ்னு பேர். அதுல கடை வகை சரியா இருக்கா, யூனிட் நம்பரோட முகவரி இருக்கா, தீபாவளி சமயத்துல கடையை ராத்திரி லேட்டா மூடறீங்கன்னா அந்த நேரத்தைப் போட்டீங்களா, ரிவ்யூ எழுதினவங்களுக்கு பதில் சொன்னீங்களான்னு பாருங்க. வீட்டுல இருந்து தொழில் செய்யறவங்க முகவரியை மறைச்சிட்டு எந்தெந்த ஏரியாவுக்கு சர்வீஸ் தர்றீங்கன்னு மட்டும் போட்டுக்கலாம், அது தெரியாம நிறைய அக்காங்க வீட்டு அட்ரஸை ஊருக்கே காட்டிட்டு இருக்காங்க.

இன்காக்னிட்டோல பார்த்தா சரியான இடம் தெரியுமா?

தெரியாது. இன்காக்னிட்டோ உங்க அக்கவுன்ட், பழைய தேடல் ஹிஸ்டரி, குக்கி இதைத்தான் தள்ளி வைக்கும். ஐபி முகவரியை வெச்சு நீங்க எந்த ஊர்ல, சுமாரா எந்தப் பகுதியில இருக்கீங்கன்னு கூகுளுக்கு அப்பவும் தெரியும். தேடல் பக்கத்தோட அடிக்குப் போனா நீங்க எங்க இருக்கீங்கன்னு அது நினைக்குதோ அந்த இடம் எழுதியிருக்கும், ஒரு தடவை பாருங்க. நீங்க பழைய ஹிஸ்டரிதான் பெரிய காரணம்னு நினைச்சிருப்பீங்க, ஆனா பெரும்பாலான தேடல்ல இடமும் மொழியும்தான் அதைவிட அதிகமா மாத்துது.

ஊர்ல திருச்சியில இருக்கிற அண்ணன் கூகுள் டாட் காம் டாட் எஸ்ஜி போட்டே தேடினாராம், அப்பவும் வரலையே?

அந்த வழி போய் ரொம்ப வருஷம் ஆச்சு. 2017 அக்டோபர்லயே எந்த நாட்டு முகவரியில போனாலும் நீங்க நிக்கிற நாட்டு ரிசல்ட்தான் வரும்னு மாத்திட்டாங்க. 2025 ஏப்ரல்ல இன்னும் ஒரு படி மேல போய், நாட்டு முகவரி எல்லாத்தையும் கூகுள் டாட் காமுக்கே திருப்பி விடப் போறோம்னு அறிவிச்சாங்க. அதனால அண்ணன் திருச்சியில உட்கார்ந்து பார்க்கிறது திருச்சிக்காரங்களுக்கான ரிசல்ட். உங்க கஸ்டமர் அங்க இல்லைன்னா அதைப் பத்தி கவலைப்பட வேண்டாம்.

நேத்து 4வது இடம், இன்னைக்கு 11. நான் சைட்டுல ஒண்ணுமே தொடலையே?

நீங்க தொடல, மத்தவங்க தொட்டிருப்பாங்க. உங்களைத் தாண்டி மேல போன 7 பேர்ல ஒருத்தர் புதுசா ஒரு நல்ல பேஜ் எழுதியிருக்கலாம், இன்னொருத்தருக்கு ஒரு பத்திரிகையில இருந்து லிங்க் கிடைச்சிருக்கலாம், கூகுள் உங்க பேஜை திரும்ப வந்து படிச்சு வேற மாதிரி புரிஞ்சிக்கிட்டிருக்கலாம். தேடறவங்க மனசும் மாறும். சாதாரண நாள்ல "முறுக்கு"ன்னு தேடறவங்களுக்கு செய்முறை வேணும், தீபாவளிக்கு 2 வாரம் முன்னாடி அதே வார்த்தையைத் தேடறவங்கள்ல நிறைய பேர் ஆர்டர் பண்ண கடை தேடறாங்க, கூகுளும் அதுக்கு ஏத்த மாதிரி ரிசல்ட்டை மாத்துது. அதோட கூகுளுக்கு உலகம் முழுக்க டேட்டா சென்டர் இருக்கு, உங்க தேடல் எந்த இடத்துக்குப் போச்சோ அங்க இருக்கிற நிலவரம் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், அதனால அடுத்தடுத்து 2 தடவை தேடினாலே வேற வேற வரலாம்.

இந்த ஆட்டம் புதுசு இல்ல. 2003 வரைக்கும் கூகுள் தன் இன்டெக்ஸை, அதாவது படிச்சு வெச்சிருக்கிற பேஜுங்களோட பட்டியலை, ஏறக்குறைய மாசம் ஒரு தடவைதான் புதுப்பிச்சாங்க, புது இன்டெக்ஸ் எல்லா டேட்டா சென்டருக்கும் போய்ச் சேர சில நாள் ஆகும், அந்த நாளெல்லாம் ரிசல்ட் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும், அதை கூகுள் டான்ஸ்னே சொல்வாங்க. அப்புறம் தொடர்ந்து புதுப்பிக்கிற முறைக்கு வந்துட்டாங்க. இப்ப மாசாமாசம் பெரிய ஆட்டம் கிடையாது, தினமும் சின்னச் சின்ன ஆட்டம். ஒரு நாள் 4, ஒரு நாள் 11ங்கிறதை வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, 2 வாரம் 11லயே நின்னா அப்போ உட்கார்ந்து பார்க்கலாம்.

கோர் அப்டேட்னு சொல்றாங்களே, அது வந்தா என்ன செய்யணும்?

வருஷத்துக்கு சில தடவை கூகுள் தன்னோட தரவரிசை முறையை பெரிய அளவுல மாத்தும், அதுதான் கோர் அப்டேட். தொடங்கினது, முடிஞ்சது ரெண்டையும் கூகுளோட சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டுல தேதியோட போடுவாங்க. சாதாரணமா 2, 3 வாரத்துல முடியும், 2024 மார்ச்ல வந்தது மட்டும் 45 நாள் ஓடுச்சு. பழைய ஆளுங்களுக்கு 2011ல வந்த பாண்டாவும் 2012ல வந்த பென்குவினும் ஞாபகம் இருக்கும், முதலாவது சரக்கு இல்லாத பேஜுங்களை அடிச்சுது, ரெண்டாவது காசுக்கு லிங்க் வாங்கினவங்களை அடிச்சுது. இப்ப வர்ற கோர் அப்டேட்டு அப்படி ஒரு குத்தத்தை மட்டும் பார்க்கிறது இல்ல. நீங்க இறங்கினதுக்கு உங்க பேஜுல தப்பு இருக்கணும்னு அவசியம் இல்ல, மத்தவங்களுக்கு மதிப்பு கூடியிருக்கலாம்.

அப்டேட் முடியற வரைக்கும் சும்மா இருங்க. முடிஞ்சு முழுசா ஒரு வாரம் போகட்டும், அப்புறம் அந்த வாரத்தை அப்டேட் தொடங்கறதுக்கு முந்தின வாரத்தோட ஒப்பிடுங்க, இதுதான் கூகுள் சொல்ற முறை. 2ல இருந்து 4க்கு இறங்கினா அவசரப்பட்டு எதையும் கலைக்காதீங்க. 4ல இருந்து 29க்குப் போயிருந்தா உட்கார்ந்து ஒவ்வொரு பேஜா படிங்க, கஸ்டமர் கேட்கிற கேள்விக்கு இதுல பதில் இருக்கா, இல்ல கூகுளுக்காக வார்த்தையை அடுக்கி வெச்சிருக்கோமான்னு. நடுவுல பதறிப்போய் தலைப்பு, மெனு, தீம் எல்லாத்தையும் ஒரே ராத்திரியில மாத்தினா எது வேலை செஞ்சுது, எது கெடுத்துச்சுன்னு பிறகு யாராலயும் சொல்ல முடியாது.

அப்போ இடத்தை எதை வெச்சுத்தான் பார்க்கிறது?

சர்ச் கன்சோல். இலவசம், கூகுளே தர்றது, 2015 வரைக்கும் வெப்மாஸ்டர் டூல்ஸ்னு பேர். உங்க டொமைன் எங்க வாங்கினீங்களோ அங்க டிஎன்எஸ்ங்கிற டொமைன் செட்டிங் பகுதியில கூகுள் தர்ற ஒரு வரியைச் சேர்த்தா "இது என் சைட்தான்"னு உறுதியாயிடும், டாட் காம், டாட் காம் டாட் எஸ்ஜி எதுவா இருந்தாலும் இதே முறைதான். நீங்க சொந்தமா தேடிப் பார்க்கிறது ஒரு ஆளோட ஒரு தேடல், இதுல இருக்கிறது நிஜமா தேடின அத்தனை பேரோட கணக்கு. எத்தனை தடவை உங்க லிங்க் தெரிஞ்சுது (இதுதான் இம்ப்ரெஷன்), எத்தனை தடவை அழுத்தினாங்க (இதுதான் கிளிக்), சராசரியா எத்தனையாவது இடம்னு நாள்வாரியா, வார்த்தைவாரியா, நாடுவாரியா, போனா கம்ப்யூட்டரான்னு பிரிச்சுப் பார்க்கலாம். நாடுங்கிற ஃபில்டர்ல சிங்கப்பூரை மட்டும் போட்டுப் பாருங்க, பல பேருக்கு அப்பத்தான் நிலவரமே தெரியும்.

16 மாசத்துக் கணக்குதான் வெச்சிருக்கும், அதுக்கு முந்தினது போயிடும், அதனால அப்பப்போ டவுன்லோட் பண்ணி வெச்சுக்கங்க. நீங்க சைட்டைச் சேர்க்கிறதுக்கு முந்தின மாசங்களோட கணக்கு பின்னாடி கிடைக்காது. இதைப் படிக்கிறவங்கள்ல இன்னும் சேர்க்காதவங்க இருந்தா தயவு செஞ்சு இன்னைக்கே சேர்த்துடுங்க, மீதியை அப்புறம் படிக்கலாம்.

சராசரி இடம் 11.5ன்னு காட்டுது. பதினொண்ணரையாவது இடம்னு ஒண்ணு இருக்கா அக்கா?

இல்ல, அது சராசரி. ஒரு வார்த்தைக்கு உங்க சைட் 4 தடவை தெரிஞ்சுதுன்னு வைங்க, தேக்கா சுத்தி தேடின 3 பேருக்கு 2வது இடத்துல, உட்லண்ட்ஸ்ல தேடின ஒருத்தருக்கு 40வது இடத்துல. மூணு ரெண்டு ஆறு, அதோட 40, மொத்தம் 46, நாலால வகுத்தா 11.5. ஆனா 11ல உங்களைப் பார்த்தவங்க ஒருத்தர் கூட இல்ல. ஒரே தேடல்ல உங்க சைட்டோட 2 லிங்க் வந்தா மேல இருக்கிறதை மட்டும்தான் கணக்குல எடுக்கும், வராத தேடல் கணக்குலயே இல்ல.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, நிறைய பேரை பயமுறுத்துறது இதுதான். புதுசா 10 பேஜ் எழுதறீங்க, அதெல்லாம் புதுப்புது வார்த்தைக்கு 50, 60வது இடத்துல தெரிய ஆரம்பிக்குது. உடனே சைட்டோட மொத்தச் சராசரி 9ல இருந்து 25க்குப் போயிடும். வகுப்புல புதுசா பத்துப் பிள்ளைங்க சேர்ந்து அவங்க மார்க் கம்மியா இருந்தா வகுப்புச் சராசரி இறங்கும், பழைய பிள்ளைங்க யாரும் மார்க் குறைஞ்சிருக்க மாட்டாங்க, அதே கதைதான். அதனால மொத்த சைட்டோட சராசரியைப் பார்க்கவே பார்க்காதீங்க. ஒரு வார்த்தை, ஒரு பேஜ், ஒரு நாடு, இப்படிச் சுருக்கி வெச்சுப் பார்த்தாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம்.

2025 செப்டம்பர்ல இம்ப்ரெஷன் பாதியா விழுந்துடுச்சு, ஆனா சராசரி இடம் நல்லா ஏறியிருக்கு. என்ன நடந்துச்சு?

நிறைய சைட்டுக்கு நடந்துச்சு. முன்னாடி கூகுள் முகவரியோட கடைசியில ஒரு சின்ன குறிப்பைச் சேர்த்தா 10 ரிசல்ட்டுக்கு பதிலா 100 ரிசல்ட்டும் ஒரே பக்கத்துல வந்துடும். ரேங்க் பார்க்கிற சாஃப்ட்வேருங்க இதைத்தான் பயன்படுத்திட்டு இருந்துச்சு. அந்த மிஷின் 100 ரிசல்ட்டை ஏத்தும்போது 80வது இடத்துல இருக்கிற உங்க சைட்டும் "தெரிஞ்சுது"ன்னு ஒரு இம்ப்ரெஷனா கணக்குல ஏறும், நிஜ மனுஷன் யாரும் 8வது பக்கம் வரைக்கும் போயிருக்க மாட்டாங்க. 2025 செப்டம்பர்ல கூகுள் அதை நிறுத்திட்டாங்க. மிஷின் போட்ட இம்ப்ரெஷன் போச்சு, முக்கியமா கம்ப்யூட்டர் கணக்குல, 70, 80வது இடங்க கணக்குல இல்லாததால சராசரியும் நல்லா தெரியுது. கிளிக் மாறலைன்னா உங்க தொழிலுக்கு ஒண்ணும் ஆகல. அந்த மாசத்துக்கு முன்னாடி பின்னாடி ஒப்பிடும்போது இம்ப்ரெஷனையும் சராசரியையும் விட்டுட்டு கிளிக்கை மட்டும் பாருங்க.

சர்ச் கன்சோல் கிளிக்கும் ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) நம்பரும் ஏன் ஒத்துப்போகல?

ஒண்ணு கூகுள்ல அழுத்தினதை எண்ணுது, இன்னொண்ணு உங்க சைட்டுக்குள்ள வந்த செஷனை, அதாவது ஒருத்தர் ஒரு தடவை வந்துட்டுப் போறதை, எண்ணுது. விளம்பரத் தடுப்பான் போட்டவங்களை ஜிஏ4 பார்க்காம விட்டுடும். நாள் கணக்கும் வேற, சர்ச் கன்சோல் கலிஃபோர்னியா நேரத்துல ஓடுது, நாம அவங்களைவிட 15 இல்லன்னா 16 மணி நேரம் முன்னாடி. திங்கட்கிழமை காலையில இங்க வந்த கிளிக் அங்க ஞாயிறு கணக்குல இருக்கும்.

போன்ல ஒரு இடம், லேப்டாப்புல ஒரு இடம்?

சகஜம். ரெண்டுலயும் பக்கத்தோட அமைப்பே வேற, போன்ல இருப்பிடமும் துல்லியமா தெரியும். உங்க சைட்டை கூகுள் படிக்கிறதே போன்ல தெரியற வடிவத்தைத்தான், அதனால போன் வடிவத்துல விலைப்பட்டியலையே எடுத்திருந்தா கூகுளுக்கும் அது இல்லாத மாதிரிதான்.

இடம் அப்படியே இருக்கு, கிளிக் மட்டும் குறையுது. ஏன்?

மேல ஏஐ ஓவர்வியூன்னு ஒரு பதிலே வந்துடுது, அதைப் படிச்சிட்டு ஆளுங்க போயிடறாங்க. அதுக்குள்ள உங்க லிங்க் இருந்தா அந்த மொத்தப் பெட்டிக்கும் ஒரே இட நம்பர்தான் தருவாங்க, உள்ள இருக்கிற எல்லா லிங்க்கும் அதே நம்பரை வாங்கிக்கும். அதனால முதல் இடம்னு காட்டும், கிளிக் வராது. "பொங்கல் எப்படி வைக்கிறது" மாதிரி தகவல் கேள்விக்கு இது ரொம்ப அடிக்கும், "பொங்கப் பானை எங்க வாங்கலாம்"ங்கிறதுக்கு அவ்வளவா இல்ல. கடைக்காரங்க ரெண்டாவது வகைக்கு நேரம் செலவு பண்றது நல்லது.

நம்ம ஆளுங்க தமிழ்லயா தேடறாங்க, இங்கிலீஷ்லயா?

மூணு விதமா தேடறாங்க. தமிழ் எழுத்துல, இங்கிலீஷ்ல, அப்புறம் தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டி. மூணுக்கும் மூணு வேற வரிசை வரும், அதனால ஒண்ணுல மேல இருந்தா மத்ததுலயும் இருப்போம்னு நினைக்காதீங்க. சர்ச் கன்சோல்ல தமிழ் எழுத்துத் தேடலை மட்டும் பிரிச்செடுக்க ஒரு நல்ல வழி இருக்கு: வார்த்தை ஃபில்டர்ல ரெஜெக்ஸை (எழுத்து அமைப்பை வெச்சுப் பிரிக்கிற முறை) தேர்ந்தெடுத்து [அ-ஹ] அப்படின்னு போடுங்க. தமிழ் எழுத்து இருக்கிற தேடல் எல்லாம் தனியா வந்து நிக்கும். தமிழ் பேஜ் எழுதினா யார் படிக்கப் போறாங்கன்னு கேட்கிறவங்க இதை ஒரு தடவை போட்டுப் பார்க்கணும், போட்டி கம்மியா இருக்கிறதால சின்னக் கடைங்க கூட முதல் பக்கத்துக்கு வர வாய்ப்பு அதிகம். ஒரே விஷயம் ரெண்டு மொழியிலயும் இருந்தா ரெண்டு தனி பேஜா வெச்சு, எது எந்த மொழி பேஜ்னு கூகுளுக்குச் சொல்ற ஹெச்ரெஃப்லாங் குறிப்பு போடுங்க. அது இடத்தை ஏத்தாது, சரியான ஆளுக்கு சரியான மொழியைக் காட்டும்.

காசு கட்டி ரேங்க் டிராக்கர் வாங்கலாமா?

ஒத்தைக் கடைக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். செம்ரஷ், ஏஹெச்ரெஃப்ஸ் மாதிரி டூலுங்க ஒரு மிஷினை வெச்சு, ஒரு இடத்துல இருந்து தேடற மாதிரி கூகுளைக் கேட்டு நம்பர் எடுக்குது. மிஷின் வெச்சுத் தேடறது கூகுள் விதிக்கு ஒத்து வராது, கூகுள் ஏதாவது மாத்தினா செப்டம்பர்ல நடந்த மாதிரி டூலும் ஆடிப்போகும். அதுல பிரயோஜனம் எங்கன்னா போட்டிக்காரங்க எங்க இருக்காங்கன்னு பார்க்கிறதுல, சர்ச் கன்சோல் அதைக் காட்டாது. 4, 5 கிளை வெச்சிருக்கிற டியூஷன் சென்டருக்கு ஒவ்வொரு பேட்டையில இருந்தும் தேடின மாதிரி பார்க்கிறதும் உதவும். வாங்கினா நாடு சிங்கப்பூர், சாதனம் மொபைல்னு செட்டிங்கை முதல்ல சரி பண்ணுங்க, பல பேர் அமெரிக்கா கம்ப்யூட்டர்னு விட்டுட்டு மாசக்கணக்கா தப்பான நம்பரைப் பார்த்துட்டு இருக்காங்க.

ஒரு ஏஜென்சி "3 மாசத்துல முதல் இடம் கேரண்டி"ன்னு பல ஆயிரம் வெள்ளி கேட்கிறாங்க. கட்டலாமா?

கட்டாதீங்க. முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி தர முடியாதுன்னு கூகுளே எழுதி வெச்சிருக்கு, எஸ்இஓ (தேடல்ல மேல வர வைக்கிற வேலை) செஞ்சா பலன் தெரிய பெரும்பாலும் 4 மாசத்துல இருந்து 1 வருஷம் ஆகும்னும் அவங்க ஆளுங்க சொல்லியிருக்காங்க. எந்த வார்த்தைக்கு முதல் இடம்னு கேளுங்க. உங்க கடையோட முழுப் பேருக்கு முதல் இடம்னா அது ஏற்கெனவே உங்களுக்கு இருக்கும். யாரும் தேடாத நீளமான ஒரு வாக்கியத்துக்கு முதல் இடம் வாங்கிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பறது ரொம்ப சுலபம், அதுல ஒரு வெள்ளி வியாபாரம் கூட வராது. லிங்க் வாங்கித் தர்றோம்னு சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துடுங்க, அது கூகுள் விதிப்படி ஸ்பேம்.

நல்ல ஏஜென்சிங்களும் இருக்காங்க, நேர்மையா உழைக்கிறவங்க. அவங்க முதல் நாளே சர்ச் கன்சோலுக்கு அனுமதி கேட்பாங்க. நீங்க ஓனரா இருந்துக்கிட்டு அவங்களுக்கு அனுமதி மட்டும் குடுங்க. டொமைனும் சர்ச் கன்சோலும் உங்க பேர்ல இல்லாம அவங்க பேர்ல இருந்தா, பிரியற அன்னைக்கு உங்க வருஷக்கணக்கான கணக்கு எல்லாம் அவங்க கையில இருக்கும். உழைச்சு சேர்த்த காசுல நடத்துற கடை, இந்த ஒரு விஷயத்துல விட்டுக் கொடுக்காதீங்க.

எந்தத் தேடலுக்கும் வரவே இல்லைன்னா?

அப்போ அது ரேங்க் பிரச்சினையே இல்லாம இருக்கலாம். சர்ச் கன்சோல்ல மேல ஒரு கட்டம் இருக்கு, அதுல பேஜோட முகவரியைப் போட்டா இன்டெக்ஸ்ல இருக்கா இல்லையா, இல்லைன்னா ஏன்னு சொல்லும். சைட் கட்டும்போது "இதை இன்டெக்ஸ்ல சேர்க்காதே"ன்னு கூகுளுக்குச் சொல்ல டெவலப்பர் போட்ட நோஇன்டெக்ஸ் குறிப்பை எடுக்க மறந்துட்டாங்கன்னா இப்படித்தான் ஆகும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்கணும்?

தினமும் வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை மேலோட்டமா, மாசத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து. உங்களுக்கு வியாபாரம் தர்ற 10, 15 வார்த்தையை எழுதி வெச்சுக்கங்க, சிங்கப்பூர் ஃபில்டர் போட்டு கடைசி 28 நாளை அதுக்கு முந்தின 28 நாளோட ஒப்பிடுங்க. 28ன்னு சொல்றது எதுக்குன்னா அதுல சரியா 4 சனி, 4 ஞாயிறு இருக்கும், நம்ம கடைங்களுக்கு வார இறுதியிலதானே கூட்டம்.

போன வருஷத்தோட ஒப்பிடும்போது மட்டும் கவனமா இருங்க. தீபாவளி 2024ல அக்டோபர் 31, 2025ல அக்டோபர் 20, 2026ல நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோட ஒப்பிட்டா ஒரு வருஷம் கூட்டம் முழுக்க அந்த மாசத்துல இருக்கும், இன்னொரு வருஷம் பாதி நவம்பருக்குப் போயிடும், நீங்க ரேங்க் விழுந்துடுச்சுன்னு நினைச்சுப்பீங்க. தீபாவளிக்கு முந்தின 4 வாரத்தை போன தீபாவளிக்கு முந்தின 4 வாரத்தோட வெச்சுப் பாருங்க. பக்கத்துலயே ஒரு நோட்டுல என்னைக்கு எந்த பேஜை மாத்தினீங்க, என்னைக்கு விலை ஏத்தினீங்க, என்னைக்கு கோர் அப்டேட் தொடங்கி முடிஞ்சுதுன்னு தேதி போட்டு எழுதி வெச்சுக்கங்க. கோடு ஏறினாலும் இறங்கினாலும் முதல்ல அந்த நோட்டைத் திறங்க, தேடற காரணம் பெரும்பாலும் அதுலயே கிடைச்சிடும்.